டர்ன் என்றால் என்ன? கம்பிச்சுற்றும் டிரக் மோட்டார் தேர்வும்

ரேடியோ கட்டுப்பாட்டுப் பந்தய டிரக்குக்கு மோட்டார் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது மோட்டாரின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான். 17.5 டி, 13.5 டி, 8.5 டி, 5.5 டி என்று இருக்கும். அந்த 'டி', டர்ன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. எண் பெரிதாக இருந்தால் வேகமும் அதிகம் என்று நினைத்து 21.5 ஐ வாங்கி மாட்டிவிட்டு, வண்டி ஏன் இப்படி ஊர்கிறது என்று பேட்டரியைச் சந்தேகப்பட்டவர்களை எனக்குத் தெரியும். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, அந்த எண் எதை எண்ணுகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அது எண்ணுவது கம்பியை. மோட்டாருக்குள் அசையாமல் நிற்கும் பகுதிக்குப் பாடநூல் தமிழில் நிலையி என்று பெயர், நடுவில் காந்தத்தோடு சுழல்வது சுற்றி. நிலையியில் உள்நோக்கி நீளும் இரும்புப் பற்கள் இருக்கும், ஒவ்வொரு பல்லிலும் செம்புக் கம்பி எத்தனை முறை சுற்றப்பட்டிருக்கிறதோ அதுதான் டர்ன். கம்பி குறைவாகச் சுற்றியிருந்தால் மோட்டார் வேகமாகச் சுழலும், அதிகமாகச் சுற்றியிருந்தால் மெதுவாகச் சுழலும். எண்ணும் வேகமும் எதிரெதிராகப் போவதற்கு இதுதான் காரணம்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் டர்ன் கடைசல் பட்டறையிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் தோர்னோஸ் என்றால் மரத்தைச் சுழற்றிக் கடையும் கருவி, அது லத்தீனுக்குப் போய்க் கடைதல் என்ற வினையாகி, ஆங்கிலத்தில் திருப்புதல், திரும்புதல், சுற்றுதல் என எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. இதன் கூட்டாளிச் சொல் வைண்டிங். முறுக்கு, சுற்று என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வினையிலிருந்து அது வந்தது. காற்றைக் குறிக்கும் விண்டும் இதன் வினையான வைண்டும் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பு மட்டும் வேறு. அதனால் இயந்திர மொழிபெயர்ப்பில் மோட்டார் விவரக்குறிப்பு ஒன்றில் திடீரென்று காற்று வீசினால் குழம்ப வேண்டாம், அங்கே பேசப்படுவது கம்பிதான்.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. சுற்று, சுருள், சுருட்டு, சுழல், சுழி என்று ஒரு குடும்பமே இருக்கிறது. (ஆங்கிலத்தின் செரூட், நம் சுருட்டு அங்கே போய் ஆனதுதான். இந்தக் குடும்பத்திலிருந்து அவர்களே ஒன்றைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்.) பள்ளி இயற்பியல் நூல்களில் காயிலுக்குச் சுருள், டர்னுக்குச் சுற்று, அதன் அளவுக்குச் சுற்றுகளின் எண்ணிக்கை என்று தெளிவாகவே இருக்கிறது. பட்டறைத் தமிழில் 'காயில் கட்டுவது' என்பார்கள். எனக்கு அந்தக் 'கட்டு' மிகவும் பிடிக்கும், கீழே அதைப் பயன்படுத்தப் போகிறேன்.

அப்படியானால் டர்னைச் சுற்று என்றே சொல்லிவிடலாமே? பந்தயக் களத்தில் அங்கேதான் சிக்கல். ஓடுபாதையை ஒரு முறை வலம் வந்தால் அதுவும் ஒரு சுற்று. தகுதிப் போட்டியில் முதல் சுற்று, இரண்டாம் சுற்று. மோட்டார் நிமிடத்துக்கு இத்தனை ஆயிரம் சுற்று. மின்சாரம் ஓடும் பாதையும் மின்சுற்று. 'இந்த மோட்டாருக்குச் சுற்று கம்மி' என்று ஒருவர் சொன்னால் கம்பி குறைவு, அதனால் வேகம் அதிகம் என்று சொல்கிறாரா, நிமிடச் சுழற்சி குறைவு, அதனால் வேகம் குறைவு என்று சொல்கிறாரா? ஒரே வாக்கியத்துக்கு நேரெதிரான இரண்டு பொருள். அதனால் டர்னுக்குக் கம்பிச்சுற்று என்று முன்னொட்டோடு சொல்வதுதான் சரி என்பது என் முடிவு. 13.5 கம்பிச்சுற்று மோட்டார் என்றால் யாருக்கும் குழப்பம் வராது. வைண்டிங்குக்குச் சுருள்கட்டு என்று வைத்துக்கொள்வேன்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பல்லைச் சுற்றுவது எப்போதும் ஒற்றைக் கம்பி அல்ல, மெல்லிய கம்பிகள் சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து ஒன்றாகச் சுற்றுவார்கள். ஆங்கிலத்தில் ஸ்ட்ராண்ட் என்பதற்குத் தமிழில் புரி இருக்கிறது, முப்புரி நூலில் இருக்கும் அதே புரி. கூடுதல் கம்பிச்சுற்று மோட்டாரில் புரிகள் குறைவாகவும், வேக மோட்டாரில் புரிகள் நிறையவும் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணினால் கணக்கு தவறும். நான் முதல் தடவை 6.5 மோட்டார் ஒன்றைக் கழற்றி, பின்மூடியை எடுத்துவிட்டு விளக்கை அடித்துப் பார்த்தபோது, பல்லின் மேல் பளபளவென்று கிடந்த கம்பிகளை எண்ணினால் ஆறரைக்குப் பக்கத்திலேயே வரவில்லை, பல மடங்கு இருந்தது. அப்புறம் ஊசி முனையால் ஒரு கம்பியைத் தொட்டுக்கொண்டே போனபோதுதான், பக்கத்தில் ஒட்டியிருப்பவை அத்தனையும் ஒரே முனையில் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை என்று புரிந்தது.

சரி, அந்த அரை எங்கிருந்து வருகிறது? முழு எண்ணாக 13 என்றோ 17 என்றோ ஏன் இல்லை? மின்கம்பிகளைப் பற்றவைக்கும் ஏ, பி, சி என்ற மூன்று முனைகளும் மோட்டாரின் ஒரு பக்கத்தில் இருக்கின்றன, மூன்று சுருள்களும் ஒன்று சேரும் இடம் மறுபக்கத்தில் இருக்கிறது. கம்பி முன்பக்கம் புறப்பட்டுப் பல்லின் இடதுபுறக் காடி (பற்களுக்கு இடையிலுள்ள பள்ளம்) வழியாகப் பின்னால் போகிறது, வலதுபுறக் காடி வழியாக முன்னால் திரும்புகிறது, இது ஒரு சுற்று. முழுச் சுற்றுகளோடு நிறுத்தினால் புறப்பட்ட பக்கத்திலேயே வந்து நிற்கும். பின்பக்கத்தில் முடிய வேண்டுமென்றால் இன்னும் ஒரு தடவை பின்னால் போயாக வேண்டும். 6.5 என்றால் இடதுபுறம் ஏழு நடை, வலதுபுறம் ஆறு நடை, ஆகப் பதின்மூன்று. அந்தக் கடைசி ஒற்றை நடைதான் அரைச் சுற்று.

பிரஷ்லெஸ் என்ற சொல்லையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய மோட்டாரில் சுழலும் சுருளுக்கு மின்சாரத்தைத் தொட்டுக் கடத்தியவை பிரஷ்கள். ஆரம்பகால டைனமோக்களில் அவை உண்மையிலேயே செம்புக் கம்பிக் கற்றைகள்தான், பார்க்கத் தூரிகை மாதிரியே இருக்கும். பிறகு கரிக்கட்டி வந்தது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஆகவே தூரிகையில்லா மோட்டார் என்பது பொருத்தமான தமிழ்தான். இதில் சுருள் அசையாது, காந்தம்தான் சுழலும், எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்பதை வேகக் கட்டுப்படுத்தி முடிவு செய்யும். காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குச் சொல்ல உணரி வைத்த மோட்டார்களும் உண்டு.

இப்போது தேர்வுக்கு வருவோம். கம்பிச்சுற்று குறைந்தால் முறுக்குவிசை போய்விடும், கூடினால் வரும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை குறையும் என்பது சரி. ஆனால் கம்பிச்சுற்றைப் பாதியாக்கினால் அதே காடியில் இரண்டு மடங்கு குறுக்குப் பரப்புள்ள கம்பி நுழையும். நீளம் பாதி, குறுக்குப் பரப்பு இரண்டு மடங்கு, ஆக மின்தடை நான்கில் ஒன்று. அதே முறுக்குவிசைக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் வேண்டும், வெப்பம் ஆம்பியரின் இருமடியைப் பொறுத்தது, அது நான்கு மடங்கு, நான்கில் ஒரு பங்கு மின்தடையோடு பெருக்கினால் பழைய வெப்பமே வருகிறது. மோட்டாரின் உடல் வலு மாறவே இல்லை. மாறுவது, எத்தனை வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்ற பொருத்தம்தான். அதனால் கம்பிச்சுற்றை பேட்டரி, வேகக் கட்டுப்படுத்தி, பல்சக்கர விகிதம் மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகக் கட்டுப்படுத்தியின் குறிப்பில் எத்தனை டர்னுக்குக் கீழே போகக் கூடாது என்று போட்டிருப்பது இதற்காகத்தான், அதற்கும் கீழே போனால் ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தியைப் பொசுக்கிவிடும்.

கேவி என்பதும் இதே கதையின் இன்னொரு முகம். அது கிலோவோல்ட் இல்லை. கே என்பது ஒரு மாறிலியின் குறி, சுமையில்லாமல் ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்று சொல்கிறது. வோல்ட்டுச் சுழற்சி என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் வருகிறது. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் கம்பிச்சுற்றைப் பாதியாக்கும்போது வோல்ட்டுச் சுழற்சி இரட்டிக்கும். ஆனால் 'மற்றதெல்லாம் ஒன்றாக' என்பது முக்கியம். 540 என்ற உறை அளவுள்ள மோட்டாரும் அதைவிட நீளமான 550 ம் ஒரே கம்பிச்சுற்றில் இருந்தால் நீளமானதில் வோல்ட்டுச் சுழற்சி குறையும். நான்கு துருவக் காந்தம் கொண்ட மோட்டாரை இரண்டு துருவ மோட்டாரோடு கம்பிச்சுற்றை வைத்து ஒப்பிடவே முடியாது. நான்கு சக்கர இயக்க ஷார்ட் கோர்ஸ் டிரக், 1/8 டிரகி (அசல் வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள, மண்பாதைக் காரான பக்கிக்கும் டிரக்குக்கும் இடைப்பட்ட வண்டி) இவற்றுக்கான மோட்டார்களில் டர்ன் எண்ணைவிடக் கேவி எண்ணே முன்னால் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

சுருள்களை இணைக்கும் விதத்திலும் இரண்டு உண்டு. மூன்று சுருள்களின் கடைசி முனைகளை ஓரிடத்தில் முடிந்தால் ஆங்கில ஒய் எழுத்து மாதிரி வரும், அது ஸ்டார், தமிழில் விண்மீன் கட்டு. ஒன்றின் வாலை அடுத்ததன் தலையோடு சேர்த்து வளையமாக்கினால் முக்கோணம், கிரேக்க எழுத்தின் பெயரால் டெல்டா, தமிழில் முக்கோணக் கட்டு. ஆற்று டெல்டாவுக்கும் அதே எழுத்துதான் பெயர் கொடுத்தது, அதற்காக இதைக் கழிமுகம் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. ஒரே கம்பிச்சுற்றில் முக்கோணக் கட்டு விண்மீனைவிட 1.73 மடங்கு வோல்ட்டுச் சுழற்சி தரும், இரண்டு முனைகளுக்கிடையே மின்தடை மூன்றில் ஒன்றாகும். ஆனால் வளையத்துக்குள்ளேயே மின்சாரம் வீணாகச் சுற்றிவரும் வாய்ப்பும் உண்டு. அமெரிக்காவின் ரேடியோ கட்டுப்பாட்டுப் பந்தய அமைப்பான ரோரின் விதிகள் பந்தய மோட்டாருக்கு விண்மீன் கட்டை மட்டுமே அனுமதிக்கின்றன. 17.5, 13.5 போன்ற வரையறுக்கப்பட்ட பிரிவுகளில் புரிகளின் தடிமனுக்கும் வரம்பு உண்டு. கம்பிச்சுற்றை மட்டும் கட்டுப்படுத்திவிட்டுச் செம்பின் அளவை விட்டுவிட்டால் போட்டி சமமாக இருக்காது என்பதால்தான் இத்தனை நுணுக்கம்.

பிரிவு விதி இருந்தால் அது சொல்லும் எண்ணை வாங்கிவிட்டுப் பல்சக்கரத்தில் விளையாட வேண்டியதுதான். விதி இல்லாத பிரிவில்தான் யோசிக்க வேண்டும். 1/10 இரு சக்கர இயக்க ஸ்டேடியம் டிரக்குக்கு, இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில், அதாவது 7.4 வோல்ட்டில், நான் 8.5 கம்பிச்சுற்றில் தொடங்கச் சொல்வேன். இதே அளவு பக்கியில் 6.5 ஓட்டிப் பழகியவர் டிரக்கிலும் அதையே மாட்டுவார், ஆனால் டிரக்கின் சக்கரம் பெரியது, எடையும் அதிகம். பெரிய சக்கரம் உயர்ந்த கியர் போட்டது போலவே மோட்டாரைச் சுமக்க வைக்கும், பினியனில், அதாவது மோட்டார் அச்சில் இருக்கும் சிறிய பல்சக்கரத்தில், பல்லைக் குறைக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் மோட்டாரைத் தொட முடியாது. 1/8 டிரகிக்கு நான்கு செல்லில், 14.8 வோல்ட்டில், 2000 கேவியை ஒட்டி இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் மண்ணில் சக்கரம் வழுக்குவதுதான் மிச்சம்.

எதை மாட்டினாலும் முதல் ஓட்டத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி வெப்பமானியால் பாருங்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவை இழக்கத் தொடங்கும், பந்தயக் காந்தங்கள் அதைவிடத் தாங்கும் என்றாலும் நான் அந்தக் கோட்டைத் தாண்ட விடுவதில்லை. தாண்டினால் முதலில் பினியனை ஒரு பல் குறைப்பேன், அதற்கும் அடங்காவிட்டால்தான் கம்பிச்சுற்றைக் கூட்டுவேன்.

அடுத்த முறை யாராவது உங்கள் டிரக்கில் என்ன மோட்டார் என்று கேட்டால், '540 அளவு, தூரிகையில்லாதது, எட்டரைக் கம்பிச்சுற்று, விண்மீன் கட்டு, உணரி உண்டு' என்று சொல்லிப் பாருங்கள். நான் ஓடுபாதை ஓரத்தில் அப்படித்தான் சொல்கிறேன், இரண்டாவது தடவையே கேட்பவருக்குப் பழகிவிடுகிறது.