லாஷிங்குக்குத் தமிழ் 'பிணைப்பு' இல்லை

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் புதுப் பலகை: 'புறப்படும் முன் பிணைப்பைச் சரிபார்க்கவும்.' இந்தச் சொல்லை இந்த வருஷம் மூன்றாவது இடத்தில் பார்க்கிறேன். அங்கே நின்ற டிரைவரிடம் என்ன புரிகிறது என்று கேட்டேன். வண்டித் தலையையும் டிரெய்லரையும் சேர்க்கிற கிங்பின்னைப் பார்க்கச் சொல்றாங்க என்றார். பலகை சொல்ல வந்ததோ மேலே ஏற்றிய சரக்கின் கட்டு, ஆங்கிலத்தில் லாஷிங். கிங்பின்னை மட்டும் பார்த்துவிட்டு அவர் கிளம்பினால் யார் பொறுப்பு?

லாஷிங் பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல், நாடாவால் இறுக்குவது என்று பொருள். சாட்டையடி என்ற பொருளில் வரும் லாஷ் வேறு. அவ்வளவுதான்.

பிணைப்பில் எனக்கு என்ன கோபம் என்றால், அதில் இறுக்கமே இல்லை. பிணைப்பது இரண்டை ஒன்றோடொன்று சேர்ப்பது. வேதியியலில் அணுக்களுக்குப் பிணைப்பு, கோர்ட்டில் ஆளுக்குப் பிணை, எல்லாம் சரி. ஆனால் சரக்கைத் தளத்தோடு சேர்த்தால் மட்டும் போதாது, அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் இல்லாவிட்டால் பிரேக் போட்டதும் கயிறு இருக்கும்போதே சரக்கு முன்னால் நகரும்.

காசிமேட்டில் மீன்பாடி வண்டியில் ஐஸ் பெட்டி கட்டுவதைப் பாருங்கள். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, நுனியைக் கீழே கொக்கியில் வளைத்து, மறுபடி மேலே கண்ணிக்குள் விட்டு, உடம்பு எடையோடு இழுப்பார்கள். கப்பி போல வேலை செய்து கயிறு விண்ணென்று நிற்கும். இழுப்பு விடாமல் கண்ணியைக் கிள்ளிப் பிடித்தபடியே இரண்டு அரைமுடிச்சு. அப்புறம் பெட்டியின் மூலையைப் பிடித்து ஓர் ஆட்டு. பெட்டி தனியாக ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள், வண்டியும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி. இதைச் செய்கிறவர் பக்கத்து ஆளிடம் "பிணை" என்று சொல்வதில்லை, "நல்லா வரிஞ்சு கட்டுப்பா" என்கிறார்.

வரிதல் என்றால் சுற்றி இறுக்கிக் கட்டுவது. நேற்று வந்த சொல் இல்லை. திருமுருகாற்றுப்படையில் 'வரிப்புனை பந்து' வருகிறது, நூலால் வரிந்து செய்த பந்து. ஓலைக் கூரையில் குறுக்கே கட்டுகிற குச்சிக்கு வரிச்சல் என்று பேர். கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்கே கொடுத்த கரை இது, கட்டுவதற்கு இங்கே சொல் பஞ்சமா? மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டி 'ப்பு' என்று முடிகிற பெயர்ச்சொல் கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நாள் விடியற்காலையில் துறைமுகத்தில் போய் நின்றால் சொல் காதிலேயே விழும்.

சுருக்கி 'வரிகட்டு' என்று வைக்கலாமே என்றார் ஒரு நண்பர். கூடாது, மாநகராட்சிக்கு வரி கட்டச் சொல்வதாகப் படிப்பார்கள். முழுசாக 'வரிந்துகட்டு' என்றே இருக்கட்டும். அந்தப் பலகையையும் இப்படி எழுதலாம்: 'சரக்கை வரிந்து கட்டியிருக்கிறதா பார். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி பார்.' இரண்டாவது வரியை விட்டுவிடக் கூடாது. ஓட்டத்தில் சரக்கு அமர்ந்து கயிறு தளரும், நைலான் கயிறு நனைந்தால் நீளவும் செய்யும்.