துருவேறிய பின்சக்கர டிரம் கழல மறுப்பது ஏன்?

1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் வெளிவந்த பெரோடுவா கன்சிலும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக் கொண்டவை. சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்மின் உட்சுவரில், ஷூ எனும் இரு வளைந்த கட்டைகள் அழுந்தி வண்டியை நிறுத்தும். பினாங்கில் இன்னும் ஓடும் இத்தகைய பழைய கார்களில் பிரேக் ஷூ மாற்றும் வேலையைக் கடினமாக்குவது பெரும்பாலும் துருவே. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு செய்யும் கேட்டை, இங்கே தஞ்சோங் பூங்கா, கர்னி டிரைவ் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் ஈரப்பதமும் சேர்ந்து செய்கின்றன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பின் மேல் மெல்லிய நீர்ப்படலத்தை நிலைக்கச் செய்கிறது. அந்தப் படலத்தில் மின்னோட்டமும் எளிதாகப் பாய்வதால் அரிப்பு விரைவுபடுகிறது.

துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். டிரம்மின் நடுத்துளைக்கும், சக்கரம் பொருத்தப்படும் மையப் பகுதியான ஹப்பின் கழுத்துக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. அங்கே பிறக்கும் துரு விரிய இடமின்றி ஆப்பைப் போல இரண்டையும் இறுக்கிவிடுகிறது. இது முதல் பூட்டு. இரண்டாவது பூட்டு உள்ளே இருக்கிறது. ஷூ உரசும் பரப்பு ஆண்டுக்கணக்கில் தேய்ந்து பள்ளமாகும்போது, உரசாத உள்விளிம்பு மட்டும் மேடாக நின்று, அதன் மேல் துருவும் சேர்ந்து, ஷூக்களைத் தாண்டி டிரம்மை வெளியே வரவிடாமல் தடுக்கிறது.

எந்தப் பூட்டு என்று அறியாமல் சுத்தியலைத் தூக்குவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெருந்தவறு. சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காரை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, கை பிரேக்கை விடுவித்த பின் டிரம்மை இழுத்துப் பார்க்க வேண்டும். சிறிதும் அசையாவிட்டால் பெரும்பாலும் ஹப்பில்தான் துருப் பிடித்திருக்கிறது. சில மில்லிமீட்டர் வெளியே வந்து, பிறகு ஷூக்களோடு மோதி நின்றால் தடுப்பது உள்விளிம்பு மேடு. ஆனால் சில கார்களில் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பாக இருக்கும். அவற்றில் நடுவிலுள்ள பேரிங் நட்டைக் கழற்றாமல் எவ்வளவு அடித்தாலும் பயனில்லை.

ஹப்பில் பிடித்திருந்தால், நடுத்துளையைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து, அது நுண்ணிய இடுக்குகளில் ஏறப் போதிய நேரம் கொடுக்க வேண்டும். பல டிரம்களில் இதற்கென்றே இரண்டு மரையிட்ட துளைகள் உண்டு. பொருந்தும் போல்ட்டுகளை அவற்றில் மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கினால் டிரம் நேராக வெளியே தள்ளப்படும். தட்டுவதானால் சக்கர போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட தட்டையான பகுதியில்தான் தட்ட வேண்டும். வார்ப்பிரும்பு வளையாமல் உடையும் தன்மையது என்பதால் ஓரத்தில் அடித்தால் விளிம்பு பெயர்ந்துவிடும். மேடு தடுக்கிறது என்றால் அடிக்கவே தேவையில்லை. ஷூக்களைத் தாங்கும் பின்தகட்டிலுள்ள துளை வழியாக, ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் பற்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றி ஷூக்களைச் சுருக்கினால் போதும்.

டிரம் கழன்றதும் உள்ளிருக்கும் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஷூக்களின் உராய்வுப் பட்டைகளான பழைய லைனிங்குகளில், மூச்சோடு உள்ளே சென்றால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதே பாதுகாப்பு. ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரிப்பது நல்லது. ஸ்பிரிங்குகள் எப்படி மாட்டியிருந்தன என்பதற்குப் பிரிக்காத பக்கமே சான்று. இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிர்த்திசையில் அமைந்திருக்கும் கார்களில் அவற்றை மாற்றிப் பொருத்தும் ஆபத்தும் இதனால் தவிரும்.

டிரம் சுழலும் திசையில் அமைந்த முன்ஷூவை உராய்வே இழுத்து மேலும் அழுத்துகிறது. டிரம் பிரேக்குக்குக் குறைந்த மிதிவிசை போதுவது இதனால்தான். ஒரு பக்க லைனிங்கில் பிரேக் எண்ணெய் கசிந்தால் இந்த உதவி அங்கு குலைந்து, இரு சக்கரங்களின் பிடிப்பும் சமமற்றுப் போகிறது. எனவே எண்ணெய் அழுத்தத்தால் ஷூக்களை வெளியே தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கி ஈரம் உள்ளதா என்று பார்ப்பது கட்டாயம். டாட் 3 (DOT 3) தரப் பிரேக் எண்ணெய் நீரை உறிஞ்சும். புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸாக இருக்க வேண்டிய அதன் கொதிநிலை, ஈரம் ஏறினால் 140 பாகை வரை இறங்கக்கூடும். அதே நீர் சிலிண்டரின் உட்சுவரையும் அரிக்கிறது. பழைய காரில் ஷூவோடு சிலிண்டரையும் மாற்றிவிடுவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். அப்போது சிலிண்டருக்கு எண்ணெய் கொண்டுவரும் இரும்புக் குழாயின் நட் துருவால் குழாயோடு ஒட்டிக்கொண்டு அதையும் சேர்த்து முறுக்கக்கூடும். நட்டை முழுதாகப் பற்றும் குழாய் ஸ்பானரும், தேவைப்பட்டால் புதிய குழாயும் தயாராக இருக்க வேண்டும்.

பின்தகட்டில் ஷூ நகரும் மேட்டுப் புள்ளிகளைத் துரு நீக்கி, அதிக வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்காமல் விட்டால் டிரம் சாய்ந்து உட்கார்ந்து, மிதியில் துடிப்பு தெரியும். டிரம்மில் பொறித்துள்ள உச்ச விட்டத்தை மீறித் தேய்ந்திருந்தால் புதிய டிரம்தான் வழி.

மிதி பிரேக்கில் காற்றை வெளியேற்றி, ஷூ இடைவெளியைச் சரிசெய்த பிறகே கை பிரேக் கேபிளைத் தொட வேண்டும். கை பிரேக்கைப் பலமுறை இழுத்து விடுவித்து ஒவ்வொரு டிரம்மையும் கையால் சுழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாகச் சுழன்றால், கேபிள் தன் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை மாற்றாமல் ஓட்டினால் புதிய ஷூ இடைவிடாது உரசிச் சூடேறிக் கருகிவிடும்.