பாயிண்டருக்குத் தமிழில் என்ன?

பருவத் தேர்வு முடிவு வெளிவரும் வாரத்தில் மலேசியாவின் தஞ்சோங் மாலிமில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு சொல் காதில் விழும். "மச்சான், பாயிண்டர் எவ்ளோ?" "போன செம்மைவிட விழுந்துடுச்சிடா." பேராங், சிலிம் ரிவர் பக்கத் தோட்டத்துப் பிள்ளையும் ஜொகூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளையும் இதை ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் இது. சுற்றிலும் செம்பனை, நடுவில் பாயிண்டர்.

வீட்டுக்குப் போனால்தான் சிக்கல். "எத்தனை மார்க்குடா வாங்கின?" என்று பெரியம்மா கேட்பார். "மூணு புள்ளி நாலு, பெரியம்மா." "நூத்துக்கா?" என்று அவர் பதறுவதில் நியாயம் இருக்கிறது. அவர் அறிந்த மதிப்பெண் நூற்றுக்கு. இதுவோ நான்குக்கு.

மலேசியப் பல்கலைக்கழகங்களில் பாயிண்டர் என்பது சராசரித் தரமதிப்பைக் குறிக்கும் பேச்சுவழக்கு. அலுவல் மொழியான மலாயில் ஒரு பருவத்துக்கு உரியதை 'புராத்தா நிலாய் கிரெட்' என்றும், முதல் பருவத்திலிருந்து சேர்ந்து வருவதை 'புராத்தா நிலாய் கிரெட் குமுலாத்திஃப்' என்றும் சொல்வார்கள். சுருக்கினால் பி.என்.ஜி., பி.என்.ஜி.கே. ஆங்கிலத்தில் ஜி.பி.ஏ., சி.ஜி.பி.ஏ. இத்தனை பெயர்கள் இருந்தும் மாணவர் வாயில் நின்றது பாயிண்டர் ஒன்றுதான். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டில் போய் "என் பாயிண்டர் 3.4" என்றால் விழிப்பார்கள். அங்கே அந்தச் சொல் சுட்டிக்காட்டும் முள்ளையோ குச்சியையோ குறிக்கும், இல்லாவிட்டால் ஒரு வேட்டை நாயை. 'கிரேட் பாயிண்ட்' என்பதிலுள்ள பாயிண்டுக்கு நம் ஊரில் ஒரு வால் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான். "அவன் த்ரீ பாயிண்டர்" என்று ஆளையே சொல்லும் வழக்கும் உண்டு. முழுசாக 4.00 எடுத்தவருக்கு 'ஃபோர் பிளாட்' என்று தனிப் பட்டம்.

இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் தமிழ்ச் சொல்லைச் சரியாகத் தேர முடியும். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு புள்ளி உண்டு. பல்கலைக்கழகம் புகுவதற்கு முன் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வையே எடுத்துக்கொண்டால், ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33, பி 3.00 என்று இறங்கி, சி 2.00இல் வந்து நிற்கும். அதற்குக் கீழேயும் படிகள் உண்டு. பல்கலைக்கழகத்தில் இதோடு பாடத்தின் எடையும் சேரும். அந்த எடைக்கு மலாயில் பெயர் ஜாம் கிரெடிட். ஜாம் என்றால் மணிநேரம்.

பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு இதை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம்: ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்றிய பால் எத்தனை லிட்டர் என்பது கிரெடிட், அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்பது கிரேட். தோட்டத்துக் கணக்கரான கிராணி இரண்டையும் பெருக்கித்தான் கணக்கு எழுதுவார்.

மூன்று பாடங்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். 3 கிரெடிட் பாடத்தில் ஏ, அதற்கு 12. இன்னொரு 3 கிரெடிட் பாடத்தில் பி, அதற்கு 9. 2 கிரெடிட் பாடத்தில் சி பிளஸ், அதாவது 2.33 வீதம் 4.66. கூட்டினால் 25.66. மொத்தக் கிரெடிட் 8ஆல் வகுத்தால் 3.21. இதுதான் அந்தப் பருவத்துப் பாயிண்டர். சேர்ந்து வரும் பாயிண்டரோ போகப் போக அசைய மறுக்கும். 100 கிரெடிட் முடித்து 3.20இல் இருப்பவர், அடுத்த பருவத்தில் 16 கிரெடிட்டையும் ஃபோர் பிளாட்டாக எடுத்தாலும் 3.31க்குத்தான் ஏறுவார். "முதல் செம்மிலேயே பிடிச்சிக்க, தம்பி" என்று சீனியர் அக்காக்கள் மிரட்டுவது இதனால்தான்.

மிரட்டலுக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. 1997இல் அமைக்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தில், அதாவது பி.டி.பி.டி.என்.னில், கடன் வாங்கிப் படிப்பவர்களுக்கு, சேர்ந்து வரும் பாயிண்டரைப் பொறுத்துக் கிடைக்கும் முதல் வகுப்புத் தேர்ச்சி வெறும் பெருமை இல்லை. வருமான நிபந்தனைகள் அவ்வப்போது மாறி வந்தாலும், முதல் வகுப்பில் தேறியவருக்குக் கடனிலிருந்து விலக்கு என்ற ஆசை எல்லாக் குடும்பத்திலும் உண்டு. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கத்துக்காகப் பிள்ளைகள் தூக்கம் கெடுவதைக் குறை சொல்ல முடியாது.

சரி, தமிழ். பாயிண்டருக்குத் தமிழ் என்ன என்று மொழிபெயர்ப்புச் செயலியிடம் கேட்டால் 'சுட்டி' என்று வரக்கூடும். கணினி நிரலில் வரும் பாயிண்டருக்கு அது பொருந்தும். இங்கே போட்டால் சுட்டிப் பையன்தான் நினைவுக்கு வருவான். வேரைப் பார்த்தால் வழி தெரிகிறது. பாயிண்ட் என்பது லத்தீன் 'புங்க்டும்' வழி வந்தது. குத்தியதால் விழுந்த பொட்டு என்று பொருள். தமிழில் அதுதான் புள்ளி. பொட்டிலிருந்து எண்ணிக்கைக்கு அந்த லத்தீன் சொல் நடந்த பாதையில் நம் புள்ளியும் தானாகவே நடந்திருக்கிறது. புள்ளிமானில் பொட்டு, புள்ளிவிவரத்தில் எண்ணிக்கை, பெரும்புள்ளியில் ஆள். நகரத்தார் கோயில் கணக்கில் மணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. தமிழ்நாட்டில் மதிப்பெண் என்பதை மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் புள்ளி என்றே சொல்கின்றன. ஆகவே இதைப் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. கிரேட் பாயிண்ட் என்பது தரப்புள்ளி. ஜி.பி.ஏ. என்பது தரப்புள்ளிச் சராசரி.

சராசரி தமிழா என்று கேட்பவர்கள் உண்டு. பாரசீகத்தின் 'சராசரீ' உருது வழியாக வந்து சேர்ந்த சொல் அது. மராத்தியிலும் அதே பொருளில்தான் வழங்குகிறது. தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் 'நிரவல்' என்று எழுதலாம், அழகான சொல். ஆனால் தோட்ட லயத்துப் பாட்டியும் சராசரியாகப் பேசிக்கொண்டிருக்கையில் நிரவலைக் கொண்டுவந்து நிறுத்துவானேன்? கச்சேரியில் இருந்துவிட்டுப் போகட்டும்.

சி.ஜி.பி.ஏ.வில் முன்னால் நிற்கும் எழுத்துக்கு மூலம் 'குமுலஸ்', குவியல். திரள் தரப்புள்ளி, ஒட்டுமொத்தத் தரப்புள்ளி என இரண்டும் எழுத்தில் காணக்கூடியவை. முன்னது கட்டுரைக்குச் சரி. வாயால் சொல்ல 'மொத்தத் தரப்புள்ளி' போதும்.

கிரெடிட்தான் உண்மையான தலைவலி. இந்த நாட்டில் அதற்குக் குறைந்தது மூன்று வேலை. இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கிரெடிட் என்றால் சி அல்லது அதற்கு மேற்பட்ட தேர்ச்சி. "கிரெடிட் இல்லம்மா, கூப்பிட முடியல" என்றால் கைப்பேசியில் காசு இல்லை. பல்கலைக்கழகத்தில் பாடத்தின் எடை. வங்கிக் கடனை இதில் சேர்க்கவே இல்லை. 'கடன் மணிநேரம்' என்று யாராவது எழுதினால், பி.டி.பி.டி.என். நினைவில் எழுதியிருக்கிறார் என்று விட்டுவிடலாம். பாட அலகு என்பது என் தேர்வு. "இந்தப் பருவம் 16 அலகு எடுத்திருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடங்கல் இல்லை.

எழுதும்போது ஒற்று விட வேண்டாம்: தரம், புள்ளி இரண்டும் சேர்ந்தால் தரப்புள்ளி, 'தரபுள்ளி' அன்று. நாளிதழில் வாழ்த்து விளம்பரம் கொடுக்கும் குடும்பங்கள் '3.85 பாயிண்டர் பெற்ற எங்கள் செல்வ மகள்' என்று போடாமல் 'மொத்தத் தரப்புள்ளி 3.85 (4.00க்கு)' என்று போட்டால், அடைப்புக்குறியைப் பார்த்துப் பெரியம்மாவும் புரிந்துகொள்வார்.