போர்டில் எம்.சி.பி. இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்?

மாவு ஆட்டி முடித்து கிரைண்டரைக் கழுவும்போது விரலில் சுருக்கென்று ஏதோ கடித்த மாதிரி இருக்கும். பல வீடுகளில் இதற்கு ஒரே வைத்தியம்தான்: "செருப்பு போட்டுக்கிட்டு கழுவு." அத்தோடு மறந்துவிடுகிறார்கள். மெயின் போர்டில்தான் வரிசையாக எம்.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதே, ஆபத்து என்றால் தானாக விழுந்துவிடும் என்று ஒரு தைரியம். உண்மையில் அந்தச் சுருக்கு எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. ஏன் என்று புரிந்துகொண்டால், வீட்டு ஒயரிங்கில் எது எதற்காக இருக்கிறது என்பதும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாக இறக்குகிறது. அதிலிருந்து மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும் கிளம்புகின்றன. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு ஒரு ஃபேஸும் நியூட்ரலும் வரும். இரண்டுக்கும் நடுவே சுமார் 230 வோல்ட். டிரான்ஸ்பார்மர் இருக்கும் இடத்திலேயே நியூட்ரலை மண்ணுக்குள் எர்த் செய்துவிடுகிறார்கள். அதனால் கரன்ட் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப இரண்டு வழி இருக்கிறது: ஒன்று நியூட்ரல் ஒயர், இன்னொன்று மண். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று ஃபேஸைத் தொட்டால், கரன்ட் உங்கள் உடம்பு வழியாக மண்ணுக்குப் போய் டிரான்ஸ்பார்மரை அடைகிறது. செருப்பு அந்த வழியைக் கொஞ்சம் அடைக்கிறது, அவ்வளவுதான். கிரைண்டருக்குள் இருக்கும் கோளாறு அப்படியேதான் இருக்கிறது.

எம்.சி.பி.க்குள் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. அளவுக்கு மீறிய கரன்ட் தொடர்ந்து போனால் அது சூடாகி வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். இன்னொன்று ஒரு சுருள். ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது அது காந்தமாகிக் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். 'சி16' என்று அச்சிட்ட எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் 16 ஆம்பியரைப் போல 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வரை பாய வேண்டும். சுவருக்குள் போகும் ஒயர் வெந்துபோகாமல் காப்பதுதான் அதன் வேலை, அதை அது அருமையாகச் செய்கிறது.

மனித உடம்புக்கான கணக்கு வேறு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஜீல், தாமாக முன்வந்தவர்களின் உடலில் கரன்ட் செலுத்தி அளந்து பார்த்தார். எவ்வளவு வரை போனால் பிடித்த கையை விட முடியும் என்பதுதான் கேள்வி. ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கிடைத்தது. அதைத் தாண்டினால் தசை இறுகிக் கை கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். 'கரன்ட் பிடித்து இழுத்துவிட்டது' என்று நாம் சொல்வது இதைத்தான். இன்னும் கூடி, நெஞ்சு வழியாகச் சில நொடிகள் ஓடினால், இதயம் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். ஈரமான உடம்பின் மின்தடையை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல இது தாராளம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ இது ஒரு சின்ன பல்பு போட்ட மாதிரி. ஒருவர் உயிருக்குப் போராடும்போதும் அது விழாமலேயே நிற்கும்.

சரி, எர்த் இருக்கிறதே என்று கேட்கலாம். மூன்று முனை ப்ளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்தான் எர்த். மற்ற இரண்டையும்விட அது நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சொருகும்போது முதலில் அது தொடும், உருவும்போது கடைசியாக விடும். ஆக, ஃபேஸ் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க கிரைண்டரின் உலோக உடம்பு எர்த்தோடு சேர்ந்தே இருக்கும். உள்ளே ஈரம் பட்டு மோட்டாரிலிருந்து கரன்ட் கசிந்தாலும், உங்கள் கைக்கு வராமல் எர்த் ஒயர் வழியாகப் போய்விடும். கழுவும்போது சுருக்கென்றால் கசிவும் இருக்கிறது, அந்த எர்த்தும் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பின் உடைந்திருக்கலாம், சாக்கெட்டின் பின்னால் பச்சை ஒயரை மாட்டாமலே விட்டிருக்கலாம், எர்த் குழியில் குழாய் துருப்பிடித்து அறுந்திருக்கலாம்.

எர்த் நன்றாக இருந்தாலும் பிரச்சினை முழுசாகத் தீர்வதில்லை. பலருக்கும் தெரியாத இடம் இதுதான். நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து ஃபேஸும் நியூட்ரலும் மட்டும்தான் வரும். எர்த்தை வீட்டுக்காரர்தான் குழி தோண்டிப் போட வேண்டும். உங்கள் எர்த் குழியின் மின்தடை 9 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த் 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டருக்குள் ஃபேஸ் ஒயர் அறுந்து உடம்பைத் தொட்டுவிட்டது. பாயும் கரன்ட் 230-ஐ 10 ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டுமென்றால் 1.45 மடங்கு, அதாவது 23.2 ஆம்பியர் வேண்டும். இங்கே அதுகூட எட்டவில்லை. எம்.சி.பி. விழாத அந்த நேரம் முழுக்க கிரைண்டரின் உடம்பில் ஏறக்குறைய 200 வோல்ட் நிற்கும். வறண்ட மண்ணில் எர்த்தின் தடை இன்னும் ஏறிவிட்டால் எம்.சி.பி. திரும்பிக்கூடப் பார்க்காது.

இதற்கான பதில்தான் ஆர்.சி.சி.பி., அதாவது கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். அதற்குள் வளையம் போன்ற ஒரு இரும்பு உள்ளகம் இருக்கிறது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் அதன் நடுவே போகின்றன. ஃபேஸில் போன கரன்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பினால், இரண்டின் காந்தப் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு பங்கு மண் வழியாகவோ மனிதர் வழியாகவோ நழுவினால் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் வளையத்தில் சுற்றிய மூன்றாவது சுருளில் ஒரு சிறு கரன்ட்டைத் தூண்ட, அது ரிலேயைத் தட்டிவிடும். வீட்டுக்கானது 30 மில்லி ஆம்பியர். அந்த அளவு கசிந்தால் 0.3 நொடிக்குள் விழ வேண்டும், அதைப் போல ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 நொடிக்குள். முன் சொன்ன கணக்கில் எர்த் தடை 100 ஓமாக ஏறினாலும் கசிவு 2.3 ஆம்பியர் இருக்கும். ஆர்.சி.சி.பி. விழ அது ஏகப்பட்டது. எர்த்தும் இதுவும் சேர்ந்து இருந்தால், நீங்கள் கிரைண்டரைத் தொடுவதற்கு முன்பே மின்சாரம் நின்றிருக்கும். எர்த் இல்லாவிட்டால், நீங்கள் தொட்டு ஷாக் வாங்கிய பிறகுதான் நிற்கும். எனவே ஒன்று இருக்கிறதென்று இன்னொன்றை விட்டுவிடக் கூடாது.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தவரை, கரன்ட் மண்ணுக்கு நழுவாத வரைக்கும், ஆர்.சி.சி.பி. வெறும் பல்பு என்றே எண்ணும்.

பழைய வீட்டில் இதை மாட்டியதும் அடிக்கடி விழுகிறது என்று புகார் வரும். எலக்ட்ரீஷியன் வந்து, "இந்த வீட்டுக்கு இது சரிப்படாது" என்று அதைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுத்துவிட்டுப் போவதும் நடக்கிறது. எனக்கு இதில் மிகவும் வருத்தம் உண்டு. ஏனென்றால் அது காரணமில்லாமல் விழுவது அபூர்வம். ஒன்று, நிஜமாகவே எங்கோ கசிகிறது: மொட்டை மாடியில் மழை பட்ட ஜங்ஷன் பாக்ஸ், பழைய கீசரின் காயில், போர்வெல் மோட்டார். இல்லையென்றால் நியூட்ரல்கள் குழம்பியிருக்கும். இன்வெர்ட்டர் மாட்டிய வீடுகளில் இது சகஜம். ஒரு லைனின் ஃபேஸ் ஆர்.சி.சி.பி. வழியாக வந்து, நியூட்ரல் வேறு வழியில் திரும்பினால் அது விழாமல் என்ன செய்யும்? கண்டுபிடிக்க, எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பார்கள். அப்போது ப்ளக்குகளையும் உருவ வேண்டும். சாதாரண ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்.சி.பி. இறங்கியிருந்தாலும் அந்தத் தொடர்பு போகாது.

எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டின் பார்வைக்கும் சிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது: லூஸ் கனெக்‌ஷன். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கிறது. சாக்கெட்டில் ஸ்க்ரூ தளர்ந்து அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்தால், அங்கே மட்டும் சுமார் 38 வாட் வெப்பம். ஒரு சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் வைத்து மூடியதுபோல. எம்.சி.பி. பார்ப்பது வழக்கமான 8.7 ஆம்பியர், ஆர்.சி.சி.பி. பார்ப்பது போனதும் வந்ததும் சமம். இரண்டும் பேசாமல் இருக்கும். ப்ளக்கை உருவியதும் பின் கைசுடுகிறதா, சாக்கெட்டின் முகம் பழுப்பேறியிருக்கிறதா, லேசாகக் கருகல் வாடை வருகிறதா என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும். கீசருக்கும் ஏ.சி.க்கும் மல்டி ப்ளக் வேண்டவே வேண்டாம்.

ஆர்.சி.சி.பி. வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர்தானா என்று பாருங்கள். 100, 300 என்றும் கடையில் கிடைக்கும், அவை ஆளைக் காக்க உதவாது. இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்கு 'டைப் ஏ' வாங்குவது நல்லது, உள்ளே எலக்ட்ரானிக்ஸ் உள்ள சாதனங்களின் கசிவு சில சமயம் சாதாரண 'டைப் ஏ.சி.' ஆர்.சி.சி.பி.க்குப் பிடிபடாது. அப்புறம், அதன் முகப்பில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். அந்தப் பட்டன் எர்த் குழியைச் சோதிப்பதில்லை. எர்த்தே இல்லாத வீட்டிலும் பட்டனை அழுத்தினால் விழும். குழியைச் சோதிக்க எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும், அதுவும் சித்திரை, வைகாசி வெயிலில் மண் காய்ந்து கிடக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் எடுத்தால் கிடைக்கும் எண் நன்றாகத்தான் இருக்கும்.