மென்பொருளை நீக்கிய பிறகும் இடம் ஏன் கிடைப்பதில்லை?

"சி டிரைவ் சிவப்பாகிவிட்டது" என்று, அதாவது இடம் நிரம்பிவிட்டது என்று, விண்டோஸ் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எதையாவது நீக்கிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். சிலர் நீக்கியது டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டை மட்டும்; மென்பொருள் உள்ளே பத்திரமாக இருக்கும். வேறு சிலர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நுழைந்து அதன் கோப்புறையையே அழித்திருப்பார்கள். இது முன்னதைவிட மோசம். மென்பொருளை முறையாக நீக்கும் நிரலும் பெரும்பாலும் அந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கும். அதையும் சேர்த்து அழித்துவிட்டால் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கும். நீக்கச் சொன்னால் பிழைச்செய்திதான் வரும். அப்படி ஆகிவிட்டால் அதே மென்பொருளை மறுபடி நிறுவி, பிறகு ஒழுங்காக நீக்குவதுதான் பெரும்பாலும் சுலபமான வழி. நிறுவல் கோப்பு கையில் இல்லையென்றால், நிறுவல், நீக்கல் சிக்கல்களுக்கென்றே மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் கருவியை ஓட்டிப் பார்க்கலாம்.

முறையாக நீக்கியவர்களுக்கும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. செட்டிங்ஸில் உள்ள செயலிகள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஓர் அளவு தெரியும். சாதாரண டெஸ்க்டாப் மென்பொருள்களுக்கு அந்த எண், பெரும்பாலும் நிறுவும்போது நிறுவல் நிரல் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டில்) எழுதி வைத்துப் போன மதிப்பீடு. அதன் பிறகு அந்த மென்பொருள் சேர்த்துக்கொண்ட தரவு அதில் வராது. சிலவற்றுக்கு எண்ணே இருக்காது. ஆகவே, அந்தப் பட்டியலை மட்டும் பார்த்து எதை நீக்குவது என்று முடிவு செய்யாதீர்கள். முதலில் விஸ்ட்ரீ, விண்டிர்ஸ்டாட் போன்ற ஒரு கருவியால் வட்டை அளந்து பாருங்கள். எந்தக் கோப்புறை எத்தனை ஜிபி என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். (128 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டி 119 என்று காட்டுகிறதே என்று கேட்பவர்களுக்கு: யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரங்களால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது.)

அளந்து பார்த்தால் பெரும்பாலும் சிக்குவது, மென்பொருள்கள் தங்கள் தரவைச் சேர்த்து வைக்கும் ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறை. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, ஆப்டேட்டா என்பதை ஆங்கிலத்தில், இருபுறமும் சதவீதக் குறியிட்டுத் தட்டச்சு செய்தால் அதன் ரோமிங் பகுதி திறக்கும். ஒரு படி மேலே போனால் லோக்கல் பகுதியும் தெரியும். மென்பொருள் போன பிறகும் அதன் மிச்சங்கள் இங்கேதான் குடியிருக்கும். ஐபோன் வைத்திருப்பவர் ஐடியூன்ஸை நீக்கியிருப்பார்; ஆனால் என்றோ எடுத்த போன் பேக்கப்புகள் மொபைல்சிங்க் என்ற கோப்புறையில் அப்படியே இருக்கும். படங்கள் நிறைய உள்ள போன் என்றால் அது மட்டுமே பல பத்து ஜிபி. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோ கணினிகளில், பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருள் வேலை வேகத்துக்காகச் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகளான மீடியா கேஷ். எடிட்டிங் முடிந்து, ஆல்பம் கொடுத்து, காசும் வாங்கியாகிவிட்டது; கேஷ் மட்டும் போகவில்லை. மென்பொருளுக்கு ஒதுக்கிய இடத்தைவிட அது உருவாக்கிய குப்பை பெரிதாக இருப்பதை இந்த இரண்டிலும் அடிக்கடி பார்க்கிறேன்.

எனவே வரிசை இதுதான். செட்டிங்ஸ் வழியாக நீக்குங்கள். கணினியை மறுபடி தொடங்குங்கள். பயன்பாட்டில் இருந்த சில கோப்புகளை அப்போதுதான் விண்டோஸால் அழிக்க முடியும். பிறகு புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம்டேட்டா, ஆப்டேட்டா மூன்றிலும் அந்த மென்பொருளின் அல்லது நிறுவனத்தின் பெயரில் கோப்புறை மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் இருந்தால் ஒரு நொடி நில்லுங்கள்: அதே நிறுவனத்தின் இன்னொரு மென்பொருளும் உங்களிடம் இருக்கலாம். தெரியாத பெயரை அழிக்காதீர்கள். டவுன்லோட்ஸில் கிடக்கும் நிறுவல் கோப்பையும் மறக்க வேண்டாம். கடைசியில் ரீசைக்கிள் பின்.

ஆன்டிவைரஸ் மட்டும் தனி ரகம். அது விண்டோஸின் அடியாழம் வரை டிரைவர்கள் என்ற துணை நிரல்களைப் பதித்து வைத்திருக்கும். புதுக் கணினியோடு வந்த சோதனைப் பதிப்பை நீக்காமலே இன்னொன்றை நிறுவி, இரண்டும் மோதிக்கொண்டு கணினி ஊர்ந்து செல்வது வாரம் தவறாமல் பார்க்கும் காட்சி. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆன்டிவைரஸை முழுதாக நீக்கத் தனிக் கருவியே தருகின்றன. அதை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

"ரெஜிஸ்ட்ரியையும் சுத்தம் செய்ய வேண்டாமா?" என்பார்கள். இடத்துக்காக என்றால் வேண்டாம். மிஞ்சியிருக்கும் பதிவுகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு புகைப்படத்தின் அளவுக்குக்கூட வருவது அரிது. தவறான ஒன்றை அழித்தால் நஷ்டம் பெரிது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. "உங்கள் கணினியில் ஆயிரக்கணக்கான பிழைகள்" என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்தும் மென்பொருள்தான் உங்கள் கணினியில் முதலில் நீக்க வேண்டிய மென்பொருள். நற்பெயர் பெற்றவற்றுக்கும் ஆபத்து வரலாம். 2017 ஆகஸ்டில் வெளியான, கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்பில் ஹேக்கர்கள் தீநிரலைப் புகுத்திவிட்டார்கள். அதிகாரப்பூர்வ வழியிலேயே 20 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், செப்டம்பரில் அது வெளியே தெரிந்தது.

விண்டோஸின் சொந்தக் கோப்புறைகளில் கை வைக்காதீர்கள். விண்டோஸுக்குள் உள்ள இன்ஸ்டாலர் கோப்புறை பெரிதாகத் தெரியும்; அதை அழித்தால் நாளை வேறு மென்பொருள்களைப் புதுப்பிக்கவோ நீக்கவோ முடியாமல் போகும். விண்டோஸ் தன் உறுப்புக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையின் அளவு பாதி தோற்றம்தான். ஒரே கோப்பு இரண்டு இடங்களில் கணக்கிடப்படுகிறது. பழைய விண்டோஸின் நகலான விண்டோஸ்.ஓல்டு மட்டும் உண்மையிலேயே பெரிது. மேம்படுத்திய பத்து நாளுக்குப் பிறகு விண்டோஸ் அதைத் தானே அழிக்க வேண்டும்; அழிக்காவிட்டால் டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். பழைய பதிப்புக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் அதுவரை பொறுங்கள்.

நீக்குவதற்கு முன் தரவையும் உரிமத்தையும் கவனியுங்கள். கணக்கு எழுதும் டாலி மென்பொருள் என்றால் டேட்டா கோப்புறையை வேறு வட்டில் நகலெடுத்துவிட்டு, உரிமத்தையும் சரண்டர் செய்துவிட்டு நீக்க வேண்டும். டிடிபி கடைகளிலும் பழைய அலுவலகங்களிலும் இன்னொரு சிக்கல். வானவில், ஸ்ரீலிபி காலத்து எழுத்துருக்களை "இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்" என்று நீக்கிவிடுகிறார்கள். மறுநாள் பழைய பத்திரங்களும் அழைப்பிதழ்களும் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பம். தரவு அழியவில்லை, அதே எழுத்துருவை மறுபடி நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். ஆனால் அந்த எழுத்துரு எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. ஓர் எழுத்துரு சில நூறு கேபிதான், நீக்கி மிச்சப்படுவது ஒன்றுமில்லை. அந்த ஆவணங்களை, தனி எழுத்துருவைச் சார்ந்திராத பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றி முடிக்கும்வரை எழுத்துருக்கள் அங்கேயே இருக்கட்டும்.