லோக்காப்புக்குப் போக வேண்டியவர் அல்ல அவர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஒருவரைக் கேலி செய்ய “தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்” என்றால் போதும். தஞ்சோங் ரம்புத்தான் ஊரில் 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனைதான் இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. அந்தப் பெயருக்குக் கூசியே குடும்பங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றன. முதலில் பூசாரியிடம் கயிறு, பிறகு முனீஸ்வரனுக்கு நேர்த்தி, அதன்பின் அறையில் வைத்துப் பூட்டுவது. கடைசியில் பக்கத்து வீட்டுக் கண்ணாடி உடைந்த ராத்திரி போலிஸுக்குப் போன் போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் லோக்காப்புக்குப் போய்ச் சேர்கிறார்.

அந்தப் போனில் என்ன சொல்கிறோம் என்பதே பாதி விஷயம். “அடிக்கிறான், பிடிச்சிட்டுப் போங்க” என்று புகார் கொடுத்தால் அது குற்ற வழக்காகத்தான் பதிவாகும். பிறகு மனம் மாறி, “புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்” என்று அம்மா போய் நின்றாலும், வழக்கை நடத்துவதா விடுவதா என்பது அரசுத் தரப்பின் கையில் இருக்கிறது.

மனநலச் சட்டம் 2001, பிரிவு 11 இன்னொரு வழியைத் தருகிறது. மனநோயின் காரணமாகத் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரை போலிஸும் சமூகநல அதிகாரியும் பிடித்து, 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். 2023 திருத்தத்தில் தீயணைப்பு, பொதுத் தற்காப்புப் படை அதிகாரிகளும் இதில் சேர்க்கப்பட்டார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவும் அதே ஆண்டுதான் நீக்கப்பட்டது. ஆகவே போனில் இப்படிச் சொல்லுங்கள்: “டியா பெசாகிட் மென்டல், அடா ராவாத்தான் ஹோஸ்பிட்டல். தோலோங் ஹந்தார் கெ ஹோஸ்பிட்டல், இக்குட் அக்தா கெசிஹாத்தான் மென்டல்.” (இவர் மனநோயாளி, மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். மனநலச் சட்டப்படி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.) சொல்லும்போது மருத்துவமனையின் ‘தெமு ஜன்ஜி’ அட்டை, அதாவது அடுத்து வர வேண்டிய தேதி குறித்த அட்டை, கையில் இருக்க வேண்டும். அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டில் மூன்று பேர் போனில் வைத்திருங்கள்; கலவரமான ராத்திரியில் அந்த அட்டை கைக்குக் கிடைக்காது. இன்னும் அடிதடி வரை போகவில்லை, ஆனால் மூன்று நாளாகத் தூக்கமில்லை, தனியே பேசுகிறார், மருந்தைத் துப்புகிறார் என்றால் போலிஸே வேண்டாம். உறவினரின் விண்ணப்பம், டாக்டரின் பரிந்துரை இரண்டும் இருந்தால் பிரிவு 10-இன் கீழ் ஒரு மாதம் வரை அனுமதிக்க முடியும்.

இத்தனைக்குப் பிறகும் லோக்காப்பில் வைத்துவிட்டால், முதல் கவலை மருந்து. குளோசாபின் என்ற மனநோய் மருந்தைச் சாப்பிடுபவருக்கு 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது. தினம் 300 மில்லிகிராம் சாப்பிட்டவராக இருந்தாலும் 12.5 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து மயங்கிவிடலாம், வலிப்பும் வரலாம். “மருந்து கொண்டுவந்துட்டோம், கொடுத்திடுங்க” என்று பாசத்தோடு பொட்டலத்தை நீட்டுகிற இடத்தில்தான் இந்த ஆபத்து இருக்கிறது. கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று நாளும் மணியும் எழுதிக் கொடுத்து, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் சாப்பிடுபவருக்கு லோக்காப் புழுக்கத்தில் தண்ணீர் குறைந்தால் மருந்தே நஞ்சாகும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே மருத்துவமனை.

மலிவுச் சாராயமான சம்சு குடிக்கிறவர்களின் விஷயம் வேறு. உள்ளே போன ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தலாம். அதைப் பைத்தியம் என்றோ நடிப்பு என்றோ விட்டுவிட்டால் உயிர் போகும். தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை வெட்கப்படாமல் சொல்லியாக வேண்டும்.

பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றமென்றால் தடுப்புக்காவல் முதலில் 4 நாள் வரை, அடுத்து 3 நாள் வரை, அதற்கு மேல் இல்லை. மலேசியக் குடிமக்களுக்கு இந்த நிலையிலேயே தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீல் இலவசமாகக் கிடைப்பார். வக்கீல் கையில் அட்டையும் மருந்துப் பட்டியலும் இருந்தால், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படி மாஜிஸ்திரேட்டிடம் அங்கேயே கேட்க முடியும்.

“ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டா முடிஞ்சிடும்” என்று கோர்ட்டு வாசலில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். காதில் குரல் கேட்டுக்கொண்டிருப்பவர் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். குற்றப்பதிவு அவர் பேரில் நின்றுவிடும். தன் தரப்பைச் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர் என்று சந்தேகம் எழுந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 342-இன் கீழ் மனநல மருத்துவமனையில் ஒரு மாதம் வரை வைத்துக் கவனிக்கக் கோர்ட்டு உத்தரவிடலாம். போதாவிட்டால் மேலும் 2 மாதம். குடும்பங்களுக்கு அதிகம் தெரியாதது 344. ஜாமீன் தரக்கூடிய குற்றமென்றால், நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம், யாருக்கும் தீங்கு செய்யவிடமாட்டோம், கூப்பிட்ட நாளில் ஆஜர் செய்கிறோம் என்று பிணை கொடுத்து வீட்டுக்கு அழைத்து வரலாம். வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெற இந்தச் சட்டத்தில் இருக்கும் நேரான கதவு அது.

தண்டனைச் சட்டம் 84-ஐ, அதாவது மனநிலை தவறியதால் செய்ததை அறியவில்லை என்ற வாதத்தை, சின்ன வழக்கில் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். அதில் விடுதலை கிடைத்தாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 348-இன்படி ஆட்சியாளரின் உத்தரவு வரும் வரை மருத்துவமனையில் காவலில் இருக்க நேரும். உடைந்த கண்ணாடிக்கு அது பெரிய விலை. அப்படிப்பட்ட வழக்கில், மனநல டாக்டரின் கடிதம், சிகிச்சைத் திட்டம், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்த ரசீது மூன்றையும் இணைத்து, குற்றச்சாட்டைக் கைவிடும்படி அரசுத் தரப்புக்கு வக்கீல் மூலம் மனு எழுதுவதே நல்லது. அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டத்தில் 2000 முதல் இப்படிப்பட்டவர்களைச் சிறையிலிருந்து சிகிச்சைக்குத் திருப்பிவிடுவதற்கென்றே நீதிமன்றத்தை ஒட்டி ஒரு திட்டம் நடக்கிறது. இங்கே போலிஸையும் டாக்டரையும் கோர்ட்டையும் இணைக்கிற அந்த வேலை வக்கீல், மருத்துவச் சமூகப் பணியாளர், குடும்பம் மூவர் தலையில் விழுகிறது.

வெளியே வந்தபின் முதல் இரண்டு வாரம்தான் சோதனை. மாத்திரையை எண்ணிச் சண்டை போடுவதைவிட நீண்டநாள் வேலை செய்யும் ஊசி நல்லது. ஃப்ளூஃபெனசின் ஊசியை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை அரசாங்கக் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளலாம். ஊசிக்குப் பிறகு உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தால், உடம்பு விறைத்தால், நோய் திரும்பிவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். பக்கவிளைவாக இருக்கலாம், டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். சொல்லாமல் விட்டால் அவர் ஊசியையே மறுத்துவிடுவார், பழைய கதை திரும்ப ஆரம்பிக்கும்.

வேலைக்கு அனுப்ப அவசரம் வேண்டாம், ஆனால் சும்மா உட்கார வைக்கவும் வேண்டாம். தூக்கக் கலக்கம் தரும் மருந்தோடு செம்பனைக் குலை வெட்டும் அறுவாள் ஆபத்து. உதிரிப்பழம் பொறுக்குவது, நாற்று மேட்டில் தண்ணீர் ஊற்றுவது போதும். அரசின் மெந்தாரி சமூக மனநல மையங்களில் வேலை தேடித் தரவும், வேலையில் சேர்ந்தபின் துணை நிற்கவும் ஆள் இருக்கிறார்கள். நீண்டநாள் நோயாளியென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான ‘ஓகேயு’ அட்டைக்கும் விண்ணப்பியுங்கள்.

சம்பள நாளில் சம்சுக் கடை பக்கத்திலேயே இருக்கும், கிளினிக்குக்கு பஸ் இருக்காது. சம்பளமும் ஊசியும் ஒரே நாளில் விழுந்தால் ஊசியை ஓரிரு நாள் முன்னால் போட முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். அந்த நாளுக்கு தோட்ட மேற்பார்வையாளரான மண்டோரிடம் முன்கூட்டியே லீவு சொல்லி, யார் மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போவது என்பதையும் ‘தெமு ஜன்ஜி’ அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.