முகத்து நிழலை நீக்குங்கள், முகத்தின் நிறத்தை விட்டுவிடுங்கள்

"எடிட்ல பாத்துக்கலாம்." வெளியிடங்களில் போர்ட்ரெய்ட் எடுக்கும்போது முகம் இருண்டு போவதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு வாக்கியம்தான். எடிட்டிங்கில் எந்த முகத்தையும் பளிச்சென்று ஆக்கிவிடலாம். ஆனால் அதன் பிறகும் அது அதே ஆளின் முகமாக இருக்க வேண்டுமே.

நிழல் எப்படி விழுகிறது என்று முதலில் பார்ப்போம். உச்சி வெயிலில் ஒளி செங்குத்தாக இறங்குவதால் கண்குழி இருண்டு, மூக்கின் நிழல் உதட்டைத் தொடும். சூரியன் முதுகுப்புறம் இருந்தால் பிரச்சினை வேறு. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் அதை அடக்கப் போய் முகத்தைக் கறுக்க விட்டுவிடும். அந்த மாதிரி நேரத்தில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு, குறைத்தால் பாதி). அல்லது ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் கன்னத்தை அளந்துகொள்ளுங்கள். கன்னத்தை அளக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும்: வெளிர்நிறத் தோலுக்கு மீட்டர் காட்டுவதைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும், கருநிறத் தோலுக்கு அரை முதல் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். இந்தக் குறைத்தலைப் பலர் செய்வதில்லை. அதனால்தான் அழகான கருப்பு நிறம் படத்தில் சாம்பல் பூத்தது போல வந்து நிற்கிறது.

கருவிகளைத் தொடும் முன் ஆளை நகர்த்துங்கள். உங்கள் முஷ்டியை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். விரல் இடுக்குகளின் நிழல் எந்தத் திசையில் மென்மையாகிறதோ, முஷ்டி இருந்த அந்தப் பக்கத்தில், உங்களைப் பார்த்தபடி அவரை நிற்க வைக்கலாம். கட்டடத்தின் நிழல் முடிகிற ஓரம் மிக நல்ல இடம். உடல் நிழலுக்குள் இருக்கட்டும், முகம் திறந்த வானத்தைப் பார்க்கட்டும். கண்ணுக்குள் ஒரு ஒளிப்புள்ளி தெரிந்தால் இடம் சரி. மரத்தடியில் மட்டும் எச்சரிக்கை. இலைகளின் ஊடே விழும் வெயில் திட்டுகளை மென்பொருளில் இயல்பாக நீக்குவது மிகக் கடினம். புல்தரையோ தாடைக்கடியில் பச்சை ஏற்றிவிடும்.

ஒளியை முகத்தின் பக்கம் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டருக்கு ஒரு வெள்ளை தெர்மாகோல் பலகையே போதும். கடையில் வாங்கிய ரிஃப்ளெக்டரானால், கடும் வெயிலில் அதன் வெள்ளி நிறப் பக்கத்தைக் காட்டினால் கண் கூசி, முகம் சுருங்கிவிடும். கீழிருந்து ஒளி அடிக்காதீர்கள், முகம் பயமுறுத்தும். பக்கவாட்டில், கண் மட்டத்தை ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஃபிளாஷ் போடுவதானால் ஒரு கணக்கு. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் 1/200 நொடி என்றால் நல்ல வெயிலில் லென்ஸின் துளை எஃப் 11 அளவில் இருந்தால்தான் எக்ஸ்போஷர் நிற்கும். பின்னணி மங்கலுக்காகத் துளையை எஃப் 2.8 என்று அகலமாக வைத்தால் நான்கு ஸ்டாப் அதிகமாகிவிடும். அப்போது வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷை இயங்க வைக்கும் ஹைஸ்பீட் சிங்க், அல்லது லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேவை. ஃபிளாஷின் ஒளி அளவை மாற்றும் ஃபிளாஷ் காம்பன்சேஷனை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் குறைத்தே வையுங்கள். நிழல் இளகினால் போதும். முழுக்கத் துடைத்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும்.

இனி எடிட்டிங். கேமரா பதிவுசெய்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 ஒளிப்படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384. ஆனால் அதிலும் பாதிப் படிகளை மிகப் பிரகாசமான ஒரே ஸ்டாப் எடுத்துக்கொள்கிறது. கீழே இறங்க இறங்க ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பாதி பாதியாகக் குறையும். இருண்ட பகுதியைத் தூக்கும்போது நாய்ஸும் (மணல் போன்ற புள்ளிகளும்) நிறத்திட்டும் கிளம்ப இதுவும் ஒரு காரணம். அதே சமயம் வெளுத்துப்போன வானத்தை எந்த ஸ்லைடரும் மீட்காது. வானமா முகமா என்று தேர்ந்தெடுக்க நேர்ந்தால் நான் முகத்தைத்தான் காப்பாற்றுவேன்.

இருண்ட பகுதிகளைத் தூக்கும் ஷேடோஸ் ஸ்லைடரைப் படம் முழுவதற்கும் இழுக்காதீர்கள். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் 2022 முதல் ஆளையும் முகத்தையும் தானாகத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் மாற்றம் செய்ய உதவும் மாஸ்க் இருக்கிறது. அதில் கழுத்து, காது, கைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகம் மட்டும் ஒளிர்ந்து கழுத்து இருண்டிருக்கும் படங்களை நிறையப் பார்க்கிறேன், மனது வலிக்கிறது. நிழலில் வானத்தின் நீலம் கலந்திருக்கும். எனவே அதே மாஸ்க்கிலேயே வண்ண வெப்பத்தைச் சற்றுக் கூட்டுங்கள். தூக்கிய தோலில் ஆரஞ்சு மிகுந்தால் சாச்சுரேஷனை (நிறச் செறிவை) குறைத்து, கடைசியில் மிக இருண்ட பகுதிக்கான பிளாக்ஸைக் கொஞ்சம் இறக்குங்கள்.

எங்கே நிறுத்துவது? இங்கேதான் பலர் எல்லை தாண்டுகிறார்கள். நிழலை நீக்கத் தொடங்கிய கை, அப்படியே தோலை வெளுக்கவும் செய்துவிடுகிறது. இந்தச் சாய்வு பழையது. கோடாக் ஆய்வகங்களில் வண்ணத்தைச் சரிபார்க்கப் பல பத்தாண்டுகள் பயன்பட்ட ஷெர்லி கார்டுகளில் வெள்ளைத்தோல் பெண்களே இருந்தார்கள். பல நிறத்தோர் இருக்கும் கார்டு வந்தது 1990களில்தான். வெளிர்நிறம்தான் 'சரியான' முகம் என்று நம் கண்ணும் பழகிவிடக் கூடாது. இதற்கு என் வழி எளியது: படப்பிடிப்பு தொடங்கும்போதே, சீரான ஒளியில் படம் எடுக்கப்படுபவர் கையில் ஒரு கிரே கார்டை (நடுத்தரச் சாம்பல் நிற அட்டையை) கொடுத்து ஒரு படம் எடுத்துவிடுகிறேன். எடிட் செய்யும்போது அது பக்கத்தில் திறந்திருக்கும். முகம் அதைத் தாண்டி வெளுத்தால் ஸ்லைடரைப் பின்னால் இழுத்துவிடுவேன்.

ஆல்பத்துக்குப் போகும் படமென்றால் திரையின் வெளிச்சத்தையும் கவனியுங்கள். பலர் அதை முழுதாக வைத்தே வேலை செய்கிறார்கள். அந்தத் திரையில் தெளிவாகத் தெரியும் முகம் அச்சில் மறுபடி இருண்டு வரும். வெளிச்சத்தை 100 முதல் 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவுக்கு இறக்கிவிட்டு, மொத்தமாக அனுப்பும் முன் ஒரே ஒரு சோதனை அச்சு எடுத்துப் பாருங்கள்.